காற்று எந்த வழியாக வருகிறது? டூ ஸ்ட்ரோக் கேள்வி பதில்

இந்த முறை டூ ஸ்ட்ரோக் இன்ஜின் கேள்விகள் மட்டும். ஆர்எக்ஸ் 100 முதல் வளைகுடா மணலில் ஓடும் ஏடிவி வரை வண்டிகள் வேறுவேறு. ஆனால் எழுதியவர்கள் கேட்பது ஒன்றைத்தான்: கார்ப்பரேட்டரைத் தாண்டி வேறு வழியில் இன்ஜின் காற்று இழுத்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிச் சரிசெய்வது?

கேள்வி: ஊர் ராமநாதபுரம். ஷார்ஜாவில் அல் பதாயர் மணல்மேடு பக்கம் குவாட் பைக் வாடகைக்கு விடும் இடத்தில் மெக்கானிக்காக இருக்கிறேன். இங்கே ஒரு யமஹா பான்ஷீயில் இடது பக்க பிஸ்டன் மட்டும் திரும்பத் திரும்ப ஜாம் ஆகிறது. சிலிண்டரைக் கடைந்து (போர் போட்டு) புது பிஸ்டன் போட்டாலும் நிற்கவில்லை. ஆக்சிலேட்டரை விட்டதும் ஆர்பிஎம் இறங்காமல் கொஞ்ச நேரம் மேலேயே நிற்கிறது. முதலாளி மெயின் ஜெட்டைப் பெரிதாகப் போடு என்கிறார். போடலாமா? – வாசகர், ஷார்ஜா

பதில்: போட வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் ஏர் லீக் என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அதை அடைக்காமல் எத்தனை பிஸ்டன் போட்டாலும் ஜாம் ஆகத்தான் செய்யும்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸுக்கு (பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுழலும் அறை) பெட்ரோல் இழுக்கிற வேலை கிடையாது. டூ ஸ்ட்ரோக்கில் அதுதான் பம்ப். பிஸ்டன் மேலே ஏறும்போது கேஸுக்குள் வெற்றிடம் உண்டாகி, கார்ப்பரேட்டரிலிருந்து பெட்ரோலும் காற்றும் உள்ளே வருகின்றன. கீழே இறங்கும்போது அந்தக் கலவை அழுத்தப்பட்டு போர்ட் வழியாக சிலிண்டருக்கு ஏறுகிறது. ஆகவே கார்ப்பரேட்டருக்கு அப்புறம் எங்கே ஓர் ஊசித் துளை இருந்தாலும் பெட்ரோல் கலக்காத வெறும் காற்று அந்த வழியாக உள்ளே வந்து கலவையை லீன் (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) ஆக்கிவிடும். பான்ஷீயில் ஆயில் பம்ப் கிடையாது, டூ டி ஆயிலைப் பெட்ரோலில் கலந்துதான் ஊற்றுகிறோம் இல்லையா, அதனால் பிஸ்டனுக்குப் போகிற பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் சேர்ந்தே குறைகிறது. சூடு ஏறுகிற நேரத்திலேயே எண்ணெயும் கம்மி. பிஸ்டனின் தலை வெளுத்து, எக்ஸாஸ்ட் போர்ட் பக்கம் அலுமினியம் இழுபட்டிருந்தால் இதுதான் காரணம் என்று பெரும்பாலும் நம்பலாம்.

பெரிய ஜெட் (கார்ப்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை) ஏன் உதவாது என்று முதலாளிக்குச் சொல்ல வேண்டுமே, இப்படிச் சொல்லுங்கள். லீக் ஓட்டையின் அளவு மாறாது. ஐட்லிங்கில் கார்ப்பரேட்டர் ஏறக்குறைய மூடியிருக்கும்போது இன்ஜினுக்கு வரும் காற்றில் பெரும்பங்கு இந்த ஓட்டை வழியாகவே வந்துவிடும், ஃபுல் ஆக்சிலேட்டரில் அதன் பங்கு சிறியது. மெயின் ஜெட் வேலை செய்வதோ ஃபுல் ஆக்சிலேட்டர் பக்கம். பெரிதாகப் போட்டால் மேலே பெட்ரோல் அதிகமாகிப் புகை கக்கும், கீழே லீன் அப்படியே இருக்கும். ரப்பரும் சீலும் சூட்டில் இளகும்போது லீக்கும் மாறும், அதனால் காலையில் பொருந்துகிற ஜெட் மத்தியானம் பொருந்தாது.

இப்போது இடது பக்கம் மட்டும் ஏன் என்ற கேள்விக்கு வருவோம். இந்த இன்ஜின் 64 மிமீ போர் (சிலிண்டர் விட்டம்), 54 மிமீ ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 347 சிசி ட்வின், அதாவது இரட்டை சிலிண்டர். நம்ம ஊர் ராஜ்தூத் 350-க்கும் இதே அளவுதான், பான்ஷீயில் தண்ணீர் கூலிங். இரண்டு சிலிண்டருக்கும் கேஸில் தனித்தனி அறை, நடுவில் கிராங்கிலேயே ஒரு தடுப்பு. ஆகவே ஒரு பக்க லீக் அந்தப் பக்க பிஸ்டனைத்தான் முக்கியமாக அடிக்கும். இடது பக்கம் மேக்னெட் (கிராங்க் நுனியில் சுழன்று மின்சாரம் தரும் காந்தச் சக்கரம்) இருக்கிற பக்கம். அங்கே கிராங்க் தண்டைச் சுற்றி இருக்கிற ஆயில் சீலுக்கு வெளியே எண்ணெய் கிடையாது, வெறும் காற்று. சீல் உதடு தேய்ந்தால் காற்று நேராக உள்ளே போகும், வெளியே ஒரு சொட்டும் தெரியாது. மேக்னெட்டைக் கழற்றி அதன் பின்பக்கம் பாருங்கள். கறுப்பாக, ஈரப் பிசுக்காக இருந்தால் கீழிறங்கும் பிஸ்டன் தள்ளிய கலவை அந்த வழியாகக் கசிந்திருக்கிறது என்று பொருள்.

சீலுக்கு முன்னால் சுலபமாகப் பார்க்கக்கூடியவற்றை முடித்துவிடுங்கள். கார்ப்பரேட்டர் உட்காரும் இன்டேக் ரப்பரைக் கழற்றிக் கையால் வளைத்துப் பாருங்கள், இரும்புத் தகட்டோடு ஒட்டியிருக்கும் அடிப்பகுதியில்தான் வெடிப்பு விழும், வண்டியில் மாட்டியிருக்கும்போது அது மூடிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாது. இரண்டு இன்டேக்கையும் இணைக்கும் குறுக்குக் குழாயும் அதன் கிளிப்பும் பலர் மறந்துவிடுகிற இடம். அப்புறம் ரீட் வால்வு (கலவையை உள்ளே மட்டும் விடும் இதழ் வால்வு) பேக்கிங், சிலிண்டர் அடி பேக்கிங். இதற்கிடையில் ஒரு சின்ன சோதனையும் செய்யலாம்: இரண்டு கார்ப்பரேட்டரின் ஜெட்டுகளையும் இடம் மாற்றிப் போடுங்கள். லீன் அறிகுறி வலது பிளக்குக்குத் தாவினால் குற்றவாளி ஜெட். இடதிலேயே நின்றால் லீக், இல்லையென்றால் அந்தக் கார்ப்பரேட்டரின் ஃப்ளோட் மட்டம் (கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும் உயரம்).

உங்கள் இடத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஃபில்டருக்கு அப்புறம் இருக்கிற எந்த லீக்கும் மணலையும் சேர்த்து இழுக்கும். பிஸ்டனின் இன்டேக் பக்கப் பாவாடை (கீழ்ப்பகுதி) சாம்பல் நிறத்தில் கோடு கோடாகத் தேய்ந்திருந்தால் மணல் போயிருக்கிறது. அப்போது பிஸ்டனை மட்டும் மாற்றாமல் கேஸைப் பிரித்து பேரிங்கையும் கழுவிப் பார்க்க வேண்டியிருக்கும்.

கேள்வி: ஐடிஐ முடித்துச் சொந்தமாகச் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். டூ ஸ்ட்ரோக் வண்டிகள்தான் அதிகம் வருகின்றன. பிரஷர் டெஸ்ட் செய்தால் லீக் தெரிந்துவிடும் என்கிறார்கள், அதற்கான கருவி விலை கட்டுப்படியாகாது. வேறு வழி உண்டா? – வாசகர், கரூர்

பதில்: உண்டு, மருந்துக் கடையிலேயே கிடைக்கும். டாக்டர்கள் ரத்த அழுத்தம் பார்க்கிற முள் வைத்த பிபி கருவி. கைப்பட்டையை விட்டுவிட்டு, பல்பையும் மீட்டரையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த டெஸ்டுக்குத் தேவையான அழுத்தம் 6 பிஎஸ்ஐ, பிபி மீட்டரின் கடைசி அளவு 300 மில்லிமீட்டர் பாதரசம், அது ஏறக்குறைய 5.8 பிஎஸ்ஐ. இதைவிடப் பொருத்தமாக ஒரு கருவி அமைவது கஷ்டம். பட்டறைக் கம்ப்ரஸர் குழாயை மட்டும் நேராகச் செருகிவிடாதீர்கள், அந்த அழுத்தத்துக்கு நல்ல சீலும் இடத்தை விட்டுக் கிளம்பிவிடும்.

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். சைலன்சரைக் கழற்றி எக்ஸாஸ்ட் வாயில் பழைய டியூப் ரப்பர் துண்டை வைத்து, மேலே ஒரு தகடு போட்டு, அதே நட்டுகளால் இறுக்கி மூடுங்கள். கார்ப்பரேட்டரைக் கழற்றிவிட்டு, இன்டேக் ரப்பருக்குள் சரியாக உட்காரும் பிவிசி குழாய்த் துண்டு ஒன்றை மூடியோடு செருகி கிளிப் போடுங்கள். மூடியில் ஒரு துளை, அதில் பிபி குழாய். பிளக் அப்படியே இறுக்கமாக இருக்கட்டும். ஆயில் பம்ப் உள்ள வண்டியில் டூ டி ஆயில் பைப் வந்து சேரும் மூக்கையும் அடைக்க வேண்டும், மறந்தால் லீக்கே இல்லாத இன்ஜினில் லீக் தேடிக்கொண்டிருப்பீர்கள். பிஸ்டனைக் கீழே இறக்கி வையுங்கள், அப்போதுதான் போர்ட் திறந்து கேஸும் சிலிண்டரும் ஒன்றாகும்.

காற்றை இன்டேக் வழியாகவே ஏற்றுங்கள். சிலர் பிளக் ஓட்டை வழியாக ஏற்றுகிறார்கள். அப்படிச் செய்தால் ரீட் வால்வு மூடிக்கொள்ளும், இன்டேக் ரப்பர் வரைக்கும் அழுத்தம் போகாது, ரப்பரில் இருக்கும் வெடிப்பு தப்பித்துவிடும்.

300-க்கு ஏற்றியதும் ஆறு நிமிடம் முள்ளைக் கவனியுங்கள். நிமிடத்துக்கு 1 பிஎஸ்ஐ, அதாவது 50 மில்லிமீட்டர் வரை இறங்கலாம் என்று பல பட்டறைகளில் ஏற்றுக்கொள்கிறார்கள். நான் அதை அதிகபட்ச எல்லையாகத்தான் எடுத்துக்கொள்வேன், ஒழுங்காகக் கட்டிய இன்ஜினில் முள் அசைவதே தெரியாது. இறங்கினால் சோப்புத் தண்ணீர். முதலில் நீங்கள் வைத்த அடைப்புகளின் மேல் ஊற்றுங்கள், பாதி நேரம் அங்கேதான் குமிழி வரும். அதைச் சரிசெய்துவிட்டு இன்டேக் ரப்பர், ரீட் பேக்கிங், சிலிண்டர் அடி, ஹெட், பிளக், கேஸ் இரண்டும் சேரும் கோடு, மேக்னெட்டைக் கழற்றி அந்தப் பக்க சீல் என்று போய்க்கொண்டே இருக்கலாம். கிளட்ச் பக்க சீலைக் கண்ணால் பார்க்க முடியாது. கியர் பாக்ஸ் மூச்சுக் குழாயின் நுனியைச் சோப்புத் தண்ணீரில் விடுங்கள், குமிழி வந்தால் அந்த சீல் போய்விட்டது. தண்ணீர் கூலிங் வண்டி என்றால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வையுங்கள், அங்கே குமிழி வந்தால் ஹெட் பக்கம்.

ட்வின் இன்ஜினில் இரண்டு எக்ஸாஸ்டையும் இரண்டு இன்டேக்கையும் சேர்த்தே மூட வேண்டும், நடுத் தடுப்பு முழுக்க காற்றை நிறுத்தாது. பான்ஷீ மாதிரி வண்டியில் ஒரு பிஸ்டன் கீழே இருக்கும்போது மற்றது மேலே இருக்கும், ஆகவே கிராங்கை அரைச் சுற்று சுற்றி இன்னொரு முறை செய்யுங்கள்.

பிரஷர் டெஸ்டில் தேறிய சீல், வெற்றிடத்தில் தோற்பதும் உண்டு. சீலின் உதடு கேஸ் பக்கம் பார்த்து இருப்பதால் உள்ளிருந்து தள்ளும் அழுத்தம் அதைத் தண்டோடு சேர்த்து அழுத்தும், உறிஞ்சும்போது அது விலகும். பிரேக் ஆயில் இழுக்கும் கைப்பம்ப் இருந்தால் அதே அளவு வெற்றிடம் வைத்தும் பார்த்துவிடுங்கள். இதை இன்ஜின் கட்டி முடித்த ஒவ்வொரு முறையும், வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அரை மணி நேர வேலை, வாடிக்கையாளரின் ஒரு போர் செலவு மிச்சமாகும்.

கேள்வி: என் ஆர்எக்ஸ் 100 காலையில் நன்றாக இருக்கிறது, சூடானதும் ஐட்லிங் தானாக ஏறுகிறது. மெக்கானிக் இன்ஜின் ஓடும்போதே கார்ப்பரேட்டர் கிளீனர் அடித்துப் பார்த்தார், ஆர்பிஎம் மாறவில்லை, லீக் இல்லை என்று சொல்லிவிட்டார். நம்பலாமா? – வாசகர், பொள்ளாச்சி

பதில்: அவர் அடித்த இடங்களில் லீக் இல்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். ஸ்ப்ரே எட்டுகிற இடம் இன்டேக், ரீட், சிலிண்டர் அடி மட்டும். கிராங்க் சீல் இரண்டும் மூடிக்குள்ளே இருக்கின்றன, மேக்னெட் மூடியைக் கழற்றாமல் எவ்வளவு அடித்தாலும் அங்கே போகாது. போதாததற்கு உங்கள் வண்டியில் கோளாறு சூட்டில்தான் வருகிறது, அவர் எப்போது சோதித்தார் என்று நீங்கள் எழுதவில்லை. ஆறிய இன்ஜினில் அடித்திருந்தால் எதுவும் தெரிந்திருக்காது.

சூடான சைலன்சர் பக்கத்தில் கிளீனர் அடிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், தீப்பிடிக்கும். வெறும் தண்ணீரைப் பூவாளி மாதிரி தெளிக்கும் பாட்டிலில் ஊற்றி இன்டேக் பக்கம் அடித்தாலே போதும், வெடிப்பைத் தண்ணீர் ஒரு நொடி அடைக்கும்போது ஐட்லிங் மாறுவது காதில் விழும். அதிலும் ஒன்றும் இல்லையென்றால் மேலே சொன்ன பிரஷர் டெஸ்ட், இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒரு முறை, ஆறிய பிறகு ஒரு முறை.

இந்த வண்டியில் மேக்னெட் பக்க சீலை மாற்றக் கேஸைப் பிரிக்க வேண்டியதில்லை. மேக்னெட்டை அதற்கான புல்லர் போட்டுத்தான் எடுக்க வேண்டும், சுத்தியலால் தட்டினால் கிராங்க் கெடும். புது சீல் போடும் முன் கிராங்க் நுனியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் கைக்குத் தெரிந்தால் பேரிங் போயிருக்கிறது, புது சீலும் சில நாளில் தேய்ந்துவிடும், அப்போது இன்ஜினை இறக்கிவிடுவதே நல்லது. ஆட்டம் இல்லையென்றால் சீல் உதட்டில் கிரீஸ் தடவி, கிராங்கின் சாவிப் பள்ளத்தின் மேல் டேப் சுற்றி (கூர் முனை உதட்டைக் கிழிக்காமல் இருக்க), ஸ்பிரிங் தெரியும் பக்கம் உள்ளே பார்க்கும்படி வைத்து, சீல் அளவுள்ள குழாயால் சாயாமல் தட்டி இறக்க வேண்டும். கிராங்கில் பழைய உதடு தேய்த்த பள்ளம் விழுந்திருந்தால் புது உதடு அதே கோட்டில் உட்காராதபடி ஒரு மிமீ முன்பின்னாக நிறுத்துங்கள்.

எல்லா வண்டியிலும் இப்படி வெளியிலிருந்தே மாற்ற முடியாது. சில இன்ஜின்களில் சீலின் வெளிச்சுற்றில் ஒரு மேடு இருக்கும், அது கேஸில் உள்ள பள்ளத்தில் உட்காரும், கேஸைப் பிரித்தால்தான் வெளியே வரும்.

கேள்வி: ஆர்எக்ஸ் 135. கியர் ஆயில் குறைந்துகொண்டே போகிறது, கீழே ஒரு சொட்டும் இல்லை. புகை அதிகம். லீக் என்றால் லீன் ஆக வேண்டும், இங்கே பிளக் எண்ணெயாக இருக்கிறதே? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: கிளட்ச் பக்க சீல். அந்தப் பக்கம் சீலுக்கு வெளியே இருப்பது கியர் ஆயில், அதனால் காற்றுக்குப் பதில் ஆயிலை இழுத்து எரிக்கிறது. டூ டி பம்ப் அதிகமாக ஊற்றினாலும் புகை வரும், ஆனால் கியர் ஆயில் குறையாது. உறுதி செய்ய கியர் ஆயிலை வடித்து அளந்து ஊற்றி, கொஞ்ச நாள் ஓட்டியபின் மறுபடி அளந்து பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள்: பெட்ரோல் வாடை அடித்தால் பிஸ்டன் இறங்கும்போது கலவையும் இந்தப் பக்கம் தள்ளப்படுகிறது. தள்ளிப்போடாதீர்கள், ஆயில் மட்டம் இறங்கினால் கியரும் கிளட்ச்சும் சேர்ந்து கெடும்.

கேள்வி: இன்டேக் ரப்பர் வெடித்திருக்கிறது. புதுசு கிடைக்கவில்லை, சிலிகான் பசை தடவி ஓட்டலாமா? – வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம். சாதாரண சிலிகான் பெட்ரோல் பட்டால் உப்பி உரிந்துவிடும், உரிந்த துண்டு ரீட் வால்வு இதழுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். இப்போது பங்க்குகளில் வரும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருக்கிறது, பழைய காலத்து ரப்பரை அது இன்னும் வேகமாகக் கெடுக்கும்; எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவையும் கொஞ்சம் லீன் பக்கம் போகும். லீக்கும் சேர்ந்தால் பிஸ்டனுக்கு இரட்டை அடி. ரப்பருக்குக் காத்திருங்கள், வண்டியை நிறுத்தி வையுங்கள்.

பசை தேவைப்படுகிற ஒரே இடம் கேஸ் இரண்டும் சேரும் முகம், அங்கேயும் பெட்ரோல் தாங்கும் வகையை மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். ரீட் பாக்ஸ், இன்டேக் தகடு போன்றவை லேசாக வளைந்திருந்தால் கனமான கண்ணாடிமேல் நைஸ் எமரி தாளை விரித்துத் தேய்த்துச் சமமாக்கிப் புது பேக்கிங் போடுங்கள். இரண்டு பேக்கிங் ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது சரியான வழி இல்லை.

கேள்வி: ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று தானாக ஃபுல் ரேஸ் ஆனது. சாவியை அணைத்தும் நிற்கவில்லை. பயந்துவிட்டேன். அந்த நேரத்தில் என்ன செய்வது? – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: கியரில் போட்டு, முடிந்தால் மேல் கியரில், இரண்டு பிரேக்கையும் முழுதாகப் பிடித்துக்கொண்டு கிளட்ச்சை விடுங்கள், இன்ஜின் திணறி நின்றுவிடும். கிளட்ச் உள்ள ஏடிவியிலும் இதே முறைதான். பெட்ரோல் டேப்பை மூடுவது உடனே உதவாது, கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் இருப்பது தீர்ந்தால்தான் நிற்கும், தீரும் நேரத்தில் இன்னும் லீன் ஆகிச் சூடு ஏறும்.

ஆக்சிலேட்டர் கேபிள் மாட்டிக்கொண்டிருந்தால் சாவியை அணைத்ததும் நின்றிருக்கும். உங்களுக்கு நிற்கவில்லை என்பதால் உள்ளே கார்பன் கனன்று, ஸ்பார்க் இல்லாமலே எரிந்திருக்கிறது, அந்த அளவு சூட்டுக்குப் பெரும்பாலும் பெரிய லீக்தான் காரணம். மறுபடி கிக் அடித்துப் பார்க்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், எலெக்ட்ரோடு உருகியிருந்தாலோ அலுமினியப் பொட்டு ஒட்டியிருந்தாலோ ஹெட்டைத் திறந்தே ஆக வேண்டும்.

கேள்வி: சைலன்சர் பெண்ட் பைப் பேக்கிங் போனாலும் லீன் ஆகுமா? – வாசகர், ஓசூர்

பதில்: சீல் போனது மாதிரி ஆகாது. சத்தம் வரும், கறுப்பு எண்ணெய் வழியும், இழுவை குறையும். ஆனால் டூ ஸ்ட்ரோக் சைலன்சரில் அழுத்த அலை போவதும் வருவதுமாக இருப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கணம் அங்கே உறிஞ்சும், அந்த நேரத்தில் வெளிக்காற்று உள்ளே வரும். பான்ஷீ போல நடுவில் பெருத்த பைப் மாட்டிய வண்டிகளில் இது இன்னும் கவனிக்க வேண்டிய விஷயம். பேக்கிங் விலை சொற்பம், மாற்றிவிடுங்கள். ஸ்பிரிங் போட்டு மாட்டும் பைப் என்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள், பேக்கிங் அடிக்கடி போவதற்கு அதுவும் ஒரு காரணம்.